நீலமலைப் பாதையில் ஒரு துணைப்பெட்டி

மேட்டுப்பாளையத்தில் பவானி ஆற்றுப் பாலத்தைக் கடந்து சற்றே தலைநிமிர்ந்து பார்த்தால், நீலமலை ஒரு பெருஞ்சுவர் போல் எழுந்து நிற்பது தெரியும். கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,000 அடி உயரத்தில் உள்ளது இந்நகர். 6,000 அடி உயரத்தில் உள்ள குன்னூரை ஏறக்குறைய 34 கிலோமீட்டர் நீளமுள்ள பாதை இதனோடு இணைக்கிறது. அங்கிருந்து இன்னும் 18 கிலோமீட்டர் ஏறினால் 7,300 அடிக்கும் மேலான உதகை நகரம். காலையில் பாக்குத் தோப்பின் புழுக்கத்தில் வியர்த்துக்கொண்டிருந்தவர்கள், நண்பகலுக்குள் கம்பளிச் சட்டை தேடத் தொடங்கிவிடுகிறோம். இவ்வளவு சிறிய தொலைவில் இவ்வளவு பெரிய மாறுதலைத் தரும் பாதைகள் நம் நாட்டில் மிகச் சிலவே.

இந்தக் குறுகிய தொலைவே நம்மை ஏமாற்றியும் விடுகிறது. “ஐம்பது கிலோமீட்டர்தானே, இரண்டு மணி நேரத்தில் சேர்ந்துவிடலாம்” என்று சொல்லிக்கொண்டு குடும்பத்தோடு காரில் ஏறுகிறோம். மாற்று உடைகளும், உறவினர் இல்லத்துக்கு எடுத்துச் செல்லும் பலகாரங்களும் டிக்கியை நிறைத்துவிடுகின்றன. பாதை திறந்திருக்கும் நாளில் இவ்வளவே போதும். ஆனால் மழைக்காலத்தில் ஒரு மரம் சாய்ந்தால், ஒரு கரை சரிந்தால், இரண்டு மணி நேரப் பயணம் எட்டு மணி நேரமாகும். பத்து மணி நேரமும் ஆகும். மலைப்பாதைக்கு வேண்டியவற்றைத் தொலைவை எண்ணிக் கட்டக்கூடாது. காத்திருக்க நேரக்கூடிய பொழுதை எண்ணிக் கட்ட வேண்டும். இக்கட்டுரையில் நாம் அன்புமிக்க வாசகக் குடும்பங்களுக்குச் சொல்ல விழைவது இதுவே.

முன்னோர் கொண்டு சென்றவை

நீலமலையைப் பற்றி ஐரோப்பியர் எழுதிவைத்த முதற்குறிப்பு 1603ஆம் ஆண்டினது. இயேசு சபைக் குருவான ஃபினீசியோ மலையாளக் கரையிலிருந்து ஏறிவந்து, தோடர் மக்களைக் கண்டு திரும்பினார். பின்னர் 1819இல் கோயம்புத்தூர்க் கலெக்டர் ஜான் சல்லிவன் மலையேறினார். அதன்பின் சில ஆண்டுகளில் சிறுமுகையிலிருந்து கோத்தகிரிக்குப் பாதை அமைந்தது. மலை இரயில் 1899இல் குன்னூரையும், 1908இல் உதகையையும் எட்டியது.

மோட்டார் வண்டிகள் வருமுன் மாட்டுவண்டியில் நெடுவழி சென்ற நம் பாட்டனார் காலத்தவர், வெறுங்கையோடு புறப்பட்டதில்லை. வண்டியின் அடியில் ஓர் அரிக்கேன் விளக்கு ஆடிக்கொண்டிருக்கும். அச்சுக்கு இடும் மை ஒரு குழாயில் இருக்கும். கயிறும், மாற்றுக் கடையாணியும், மாட்டுக்கு வைக்கோலும், மனிதருக்குக் கட்டுச்சோறும் இருக்கும். வழியில் என்ன நேரினும் தாமே சமாளிக்க வேண்டும் என்பதை அவர்கள் அறிந்திருந்தனர். நம் காரிலோ குளிர்காற்றும் பாட்டும் வழிகாட்டும் கைப்பேசியும் இருக்கின்றன, கடையாணி இல்லை. அதனால்தான் எங்கள் இல்லத்தில் காரில் வைத்திருக்கும் பெட்டிக்குத் ‘துணைப்பெட்டி’ என்று பெயரிட்டிருக்கிறோம். வழித்துணைக்கு ஒருவரை அழைத்துச் செல்வது போல அதையும் அழைத்துச் செல்கிறோம்.

மலை ஏன் சரிகிறது?

பெட்டியைத் திறக்குமுன் மலையின் இயல்பை அறிந்துகொள்வது நலம். நீலமலையின் சரிவுகளில் கெட்டிப் பாறையின் மேல் ஆழமான செம்மண் போர்வை படிந்திருக்கிறது. தொடர்மழையில் அம்மண் நீரை உண்டு கனத்து, பாறையின் மேல் வழுக்கத் தொடங்குகிறது. பாதை அமைப்பதற்காகச் சரிவின் அடியை வெட்டியிருக்கும் இடங்களில் அதைத் தாங்கும் முட்டு இல்லாமல் போகிறது. மண் நகரும்போது மரமும் வேரோடு நகர்கிறது.

ஜூன் முதல் செப்டம்பர் வரை பெய்யும் தென்மேற்குப் பருவமழை மலையின் மேற்குப் பக்கத்தை நனைக்கிறது. 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கும் அதிகமான மழை பதிவாயிற்று. அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவமழையோ கிழக்குச் சரிவுகளைத் தாக்குகிறது. குன்னூர்ப் பாதையும் கோத்தகிரிப் பாதையும் கிழக்குச் சரிவில்தான் அமைந்திருக்கின்றன. 2009 நவம்பரில் ஏற்பட்ட நிலச்சரிவுகளில் நீலகிரி மாவட்டத்தில் நாற்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். ஐப்பசியிலும் கார்த்திகையிலும் மலை இரயில் நிறுத்தப்பட்டதாகச் செய்தி வராத ஆண்டு அரிது. குன்னூர்ப் பாதை அடைபட்டால் கோத்தகிரிப் பாதை கைகொடுக்கும் என்பது பொதுவிதி. சில வேளைகளில் இரண்டும் ஒருசேர அடைபடுவதும் உண்டு.

பாதை கற்பிக்கும் பாடங்கள்

மேட்டுப்பாளையத்தை விட்டு ஐந்தாறு கிலோமீட்டர் சென்றால் கல்லாறு. இருமருங்கும் பாக்கு மரங்கள் நெடிதுயர்ந்து நிற்க, அரசுப் பழப்பண்ணையின் குளிர்ச்சி பாதை வரை வந்து தழுவும். அதைத் தாண்டியதும் ஏற்றம் தொடங்குகிறது. பதினான்கு கொண்டை ஊசி வளைவுகள் ஒவ்வொன்றாக எதிர்ப்படும். காருக்குப் பெட்ரோலும் டயருக்குக் காற்றும் இந்த ஏற்றத்துக்கு முன்னரே, மேட்டுப்பாளையத்திலேயே, பார்த்துக்கொள்ள வேண்டும். ஸ்டெப்னி டயரின் காற்றையும் மறவாமல் பார்க்க வேண்டும். புதிய கார்கள் சிலவற்றில் ஸ்டெப்னியே இராது. பஞ்சர் அடைக்கும் சாதனம் மட்டுமே இருக்கும். தம் வண்டியில் எது இருக்கிறது என்பதை வீட்டு வாசலிலேயே தெரிந்துகொள்வது குடும்பத் தலைவரின் கடமை.

கல்லாற்றிலிருந்து பர்லியாறு வரை யானைகள் பாதையைக் கடக்கும் பகுதி. பலாப்பழக் காலத்தில் அவற்றின் நடமாட்டம் மிகுதி. யானைக்கென்று பெட்டியில் வைக்கக்கூடிய பொருள் எதுவும் இல்லை. தொலைவில் வண்டியை நிறுத்தி, கண்ணாடியை ஏற்றி, ஒலிப்பானை அழுத்தாமல், அது வழிவிடும்வரை பொறுத்திருக்கும் அமைதி ஒன்றே கருவி. படம் பிடிக்க இறங்குவோரைக் காணும்போது நம் நெஞ்சு பதறுகிறது.

பர்லியாற்றில் தேநீருக்கு நிற்காத வண்டி குறைவு. பருவத்தில் மங்குஸ்தானும் ரம்புட்டானும் கூடை கூடையாய்க் குவிந்திருக்கும். குரங்குகள் கூரையில் காத்திருக்கும். வெளியூரிலிருந்து வருவோர் இங்கே வண்டியை ஆறவைப்பதும் நல்லதே. கொதிக்கும் ரேடியேட்டரின் மூடியை உடனே திறந்தால் ஆவி முகத்தில் அடிக்கும். அரைமணி நேரமாவது பொறுத்து, தடித்த துணியால் மூடித் திறக்க வேண்டும். இறங்கும்போது பிரேக்கை இடைவிடாது மிதித்தால் அது சூடேறிப் பிடிப்பு இழக்கும். ஏறிய கியரிலேயே இறங்க வேண்டும் என்பது மலை ஓட்டுநர்களின் பழைய வேதம். 2023 செப்டம்பர் 30ஆம் நாள் மரப்பாலம் அருகே சுற்றுலாப் பேருந்து ஒன்று பள்ளத்தில் கவிழ்ந்து பலர் உயிரிழந்ததை நாம் மறந்துவிட இயலாது.

பர்லியாற்றுக்கு மேலே மரப்பாலம், காட்டேரி, பிறகு குன்னூர். இந்தப் பகுதியில்தான் ஒருபுறம் செங்குத்தான கரையும், மறுபுறம் அடிகாணாப் பள்ளமுமாகப் பாதை நெருங்கிவிடுகிறது. கைப்பேசிக்குச் சைகை கிடைப்பதும் கிடைக்காததும் வளைவுக்கு வளைவு மாறும்.

ஆறு மணி நேரம்

சில ஆண்டுகளுக்கு முன், ஓர் ஐப்பசி மாத மாலையில், குன்னூரிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தோம். மரப்பாலத்தைத் தாண்டியதும் வண்டிகள் வரிசையாய் நின்றிருந்தன. கீழே ஒரு வளைவில் பெருமரம் ஒன்று மண்ணோடு பெயர்ந்து பாதையின் குறுக்கே கிடந்தது. அப்போது மணி ஐந்தரை. மழை விட்டபாடில்லை. தீயணைப்பு வீரர்களும் நெடுஞ்சாலைத் துறைப் பணியாளர்களும் வந்து, கொட்டும் மழையில் மரத்தைத் துண்டு துண்டாக அறுத்து, மண்ணை அகற்றிப் பாதையைத் திறந்தபோது இரவு பதினொன்றரை மணி.

இருள் சூழ்ந்து ஒரு மணி நேரம் ஆகியிருக்கும். முன்னால் நின்ற காரிலிருந்து இளம்பெண் ஒருவர் ஓடிவந்து கண்ணாடியைத் தட்டினார். “அக்கா, கொஞ்சம் தண்ணி இருக்குங்களா? அத்தைக்கு உடம்பெல்லாம் வேர்த்து ஊத்துதுங்க, கை நடுங்குது, என்னமோ மாதிரி பேசுறாங்க” என்றார். எங்கள் இல்லத்தரசியார் கேட்ட முதற் கேள்வி, “சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுறவங்களா?” என்பதுதான். ஆம் என்றார் அப்பெண். மதியம் மாத்திரை போட்டாயிற்று. உணவைக் கீழே இறங்கிப் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டார்களாம்.

பெட்டியில் சர்க்கரை இருந்தது. அம்முதியவள் தன்னுணர்வோடு இருந்தார், விழுங்கவும் முடிந்தது. மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையை அரைக் குவளைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்தார் இல்லத்தரசியார். கால் மணி நேரம் பொறுத்து மீண்டும் ஒருமுறை. நடுக்கம் மெல்ல அடங்கியது. பின்னர்ப் பொரிகடலையும் ரொட்டியும் கொடுக்கப்பட்டன. “எம் பேத்தி கல்யாணத்துக்குக் கட்டாயம் வரோணும் கண்ணு” என்று அவர் எங்கள் மகளின் கன்னத்தைத் தடவியபோதுதான் அவருடைய மருமகள் அழத் தொடங்கினார். மயங்கிக் கிடப்பவருக்கு வாய்வழியாக எதையும் புகட்டலாகாது என்பதையும், அந்நிலையில் மருத்துவ உதவியை நாடுவதே வழி என்பதையும் இங்கே சேர்த்துச் சொல்லிவிடுகிறோம்.

அன்றிரவு அதிகமாகப் பயன்பட்ட பொருள் எது தெரியுமா? பழைய நூல் சேலை ஒன்று. பின்னால் நின்ற பேருந்தில் இருந்த பெண்கள் மணிக்கணக்கில் இறங்க இடமின்றித் தவித்தனர். இரு கார்களுக்கு இடையே அச்சேலையைக் கட்டி மறைப்பு உண்டாக்கினோம். அந்த ஒரு திரை எத்தனை பேருடைய வேதனையைத் தீர்த்தது என்பதைப் பெண்கள்தாம் அறிவர்.

பெட்டிக்குள் என்ன?

துணைப்பெட்டியை இரண்டாகப் பிரித்துக்கொள்ள வேண்டும். எப்போதும் காரிலேயே இருப்பது ஒன்று. புறப்படும்போது மட்டும் எடுத்துச் செல்லும் கைப்பை மற்றொன்று. இந்தப் பிரிவினைக்குக் காரணம் நம் சமவெளியின் வெயில். வெயிலில் நிறுத்திய காருக்குள் வெப்பம் 50 டிகிரி செல்சியசையும் தாண்டும். அந்த வெப்பத்தில் மாத்திரை வீரியம் இழக்கும், இன்சுலின் கெடும், மெழுகுவத்தி உருகும், பவர் பேங்க் தீங்கு விளைவிக்கவும் கூடும்.

நிலையாக இருக்கும் பெட்டியில் முதலிடம் எச்சரிக்கை முக்கோணத்துக்கு. புதிய காரோடு முக்கோணமும் முதலுதவிப் பெட்டியும் தரப்பட வேண்டும் என்பது மோட்டார் வாகன விதி. அவை பல வீடுகளில் உறை பிரிக்கப்படாமலேயே கிடக்கின்றன. மலைப்பாதையில் முக்கோணத்தை வண்டியின் அருகே வைத்துப் பயனில்லை. வளைவு திரும்புமுன்னரே பின்னால் வருபவர் காணும்படி, வளைவுக்கு அப்பால் வைக்க வேண்டும். அதை வைக்க நடப்பவர் பள்ளத்தின் ஓரமாக நடக்கலாகாது.

அடுத்து முட்டுக்கட்டைகள் இரண்டு. சரிவில் நின்ற வண்டியின் சக்கரத்துக்கு அண்டை கொடுக்கப் பாதையோரக் கல்லை எடுத்து வைத்துவிட்டு, பிறகு அதை நடுப்பாதையிலேயே விட்டுச் செல்வோர் பலர். இரவில் வரும் இருசக்கர வண்டிக்கு அக்கல்லே எமன். மரக்கட்டையில் கயிறு கட்டி வைத்துக்கொண்டால் எளிதில் இழுத்து எடுத்துவிடலாம். நம் பாவமும் பாதையில் கிடக்காது.

ஜாக்கியும், சக்கரம் கழற்றும் ஸ்பேனரும் வண்டியோடு வருபவை. நனைந்த மண்ணில் ஜாக்கி புதைந்துவிடும். ஆதலால் ஓர் அடிச் சதுரத்தில் கனமான பலகை ஒன்று சேர்த்துக்கொள்க. வண்டியை இழுக்க உறுதியான கயிறு, பேட்டரிக்கு இணைப்புக் கம்பிகள், கையுறை, சிறிய கத்தி, இருக்கைப் பட்டையை அறுக்கவும் கண்ணாடியை உடைக்கவும் உதவும் சிறு சுத்தியல் ஆகியவையும் வேண்டும். சுத்தியலை மட்டும் டிக்கியில் வைக்காமல் ஓட்டுநரின் கைக்கு எட்டும் இடத்தில் வைக்க வேண்டும்.

டார்ச் விளக்கு இரண்டு இருத்தல் நலம். ஒன்று தலையில் மாட்டிக்கொள்ளும் வகையாயின் இரு கைகளும் வேலைக்கு ஓயும். பேட்டரிகளை விளக்குக்குள் போட்டு மாதக்கணக்கில் விட்டால் கசிந்து பழுதாக்கும். தனியே கட்டி வைக்கவும். ஓர் ஊதல் அவசியம். பனிமூட்டத்தில் கூக்குரல் அடங்கிவிடும். ஊதலின் ஒலி தொலைவுக்குக் கேட்கும்.

குன்னூர், மேட்டுப்பாளையத்தைவிட ஏறக்குறைய பத்து டிகிரி குளிர்ச்சியானது. மார்கழி, தையில் உதகையின் புல்வெளியில் உறைபனி படிகிறது. சமவெளி உடையோடு நனைந்துவிட்ட குழந்தைக்கு ஓரிரவு போதும் நோய்ப்பட. எனவே இரண்டு கம்பளிகள், மழைச்சட்டை, ஒரு சிறு தார்ப்பாய், துவாலை, மாற்று உடை ஒன்று. இவற்றோடு நாம் முன்பே புகழ்ந்த நூல் சேலை. அது தூளி ஆகும், திரை ஆகும், முறிந்த கைக்குத் தாங்கு ஆகும்.

முதலுதவிப் பையில் துப்புரவான பஞ்சுத் துணி, சுருள் கட்டு, முக்கோணக் கட்டு, ஒட்டுப் பட்டை, கிருமிநாசினி, கத்தரிக்கோல், கையுறை ஆகியன இருக்க வேண்டும். பேதிக்கும் வாந்திக்கும் ஓ.ஆர்.எஸ். பொட்டலம். ஒரு லிட்டருக்கு உரிய பொட்டலத்தை ஒரு லிட்டர் நல்ல தண்ணீரில் முழுவதுமாகக் கரைக்க வேண்டும். பாதி பாதியாகப் போடுவது பிழை. மழைக்காலத்தில் சோலையோரம் இறங்கினால் அட்டை கடிக்கும். ஒரு சிமிழில் உப்பு வைத்திருங்கள். வளைவுகளில் குமட்டும் பிள்ளைகளுக்கு எலுமிச்சை, இஞ்சி, உறைகள்.

கைப்பையில் செல்லவேண்டியவை வேறு. நாள்தோறும் உண்ணும் மருந்துகள், இரண்டு நாளுக்கு அதிகமாகவே. மருந்துச் சீட்டின் நகல். பவர் பேங்க். குழந்தைக்குப் பால்மாவு, பெண்களுக்கு வேண்டிய பஞ்சணை. சில்லறையோடு கொஞ்சம் ரொக்கப் பணம். மின்சாரமும் சைகையும் இல்லாத ஊரில் கைப்பேசியால் பணம் செலுத்த முடியாது. நீலகிரிக்கு 2024 மே 7 முதல் நடைமுறைக்கு வந்த இ-பாஸை எடுத்துச் செல்வோர் அதன் அச்சுப் படியையும் வைத்துக்கொள்க.

தண்ணீர் ஆளுக்கு இரண்டு லிட்டர் வீதம் வேண்டும். ஐவர் செல்லும் வண்டிக்குப் பத்து லிட்டர். நீலகிரியில் சிறிய பிளாஸ்டிக் குடிநீர்ப் புட்டிகளுக்குத் தடை உண்டு. எனவே எவர்சில்வர் புட்டிகளில் நிரப்பிக்கொள்வதே நன்று. உணவுக்குப் பொரிகடலை, அவல், வெல்லம், பேரீச்சம்பழம், ரொட்டி ஆகியவை போதும்; சமைக்காமலே உண்ணலாம். எண்ணெய்ப் பலகாரம் தாகத்தை வளர்க்கும். சர்க்கரை ஒரு சிறு டப்பாவில் தனியே இருக்கட்டும்.

காகிதம் ஒன்றில் எண்களை எழுதி உறையிட்டு வையுங்கள். ஆம்புலன்சுக்கு 108, அவசர உதவிக்கு 112, மாவட்டப் பேரிடர்க் கட்டுப்பாட்டு அறைக்கு 1077. அதன் கீழே குடும்பத்தினர் ஒவ்வொருவரின் பெயர், இரத்தப் பிரிவு, ஒவ்வாத மருந்து, உறவினரின் எண். கைப்பேசி அணைந்துவிட்டால் நமக்கு மனப்பாடமாய் எத்தனை எண்கள் தெரியும் என்று நம்மை நாமே கேட்டுப் பார்ப்போம்.

வைக்கத் தகாதவையும் உண்டு. பெட்ரோல் கேன், சிகரெட் பற்றவைக்கும் லைட்டர், கைகழுவும் சாராயக் கரைசல் ஆகியவற்றை வெயிலில் நிற்கும் காரில் விட்டுவைப்பது ஆபத்தை மடியில் கட்டிக்கொள்வதாகும். பெட்டியும் டிக்கியில் உருளாதபடி கட்டப்பட்டிருக்க வேண்டும். திடீரென்று பிரேக் போடும்போது கட்டாத பெட்டி பாய்ந்துவந்து பின்னிருக்கையில் உள்ளவரைத் தாக்கும்.

காத்திருக்கும் கலை

பாதை அடைபட்டதும் வண்டியை எங்கே நிறுத்துவது என்பதே முதல் முடிவு. நீர் கசியும் வெட்டுக்கரையின் கீழும், பாதையைக் கடக்கும் ஓடையின் அருகிலும் நிற்கலாகாது. சிறு கற்கள் உருண்டு வருவதும், மரம் சாய்ந்து நிற்பதும், தெளிந்த ஓடை திடீரெனச் செந்நீராய் மாறுவதும் மலை தரும் முன்னறிவிப்புகள். அவற்றைக் கண்டால் பொருளைப் பொருட்படுத்தாமல் ஆட்களை அப்புறப்படுத்துங்கள். குளிருக்காக எஞ்சினை ஓட்டிக்கொண்டே உறங்குவதும் தவறு. புகைக்குழாயை மண் அடைத்தால் நச்சுப் புகை உள்ளே வரும். கண்ணாடியைச் சற்றே இறக்கி, இடையிடையே எஞ்சினை நிறுத்துங்கள். எதிர்வரும் வண்டிக்கான பாதையில் முந்திச் சென்று நிற்பவர், தம்மை மீட்க வரும் ஆம்புலன்சின் வழியைத் தாமே அடைக்கிறார்.

எருசலேமிலிருந்து எரிகோவுக்கு இறங்கும் பாதையும் ஒரு மலைப்பாதைதான். அங்கே குற்றுயிராய்க் கிடந்தவனுக்கு நல்ல சமாரியன் செய்த உதவியை மறையுரைகளில் பன்முறை கேட்டிருக்கிறோம். அவனுடைய இரக்கத்தையே எப்போதும் போற்றுகிறோம். அவனிடம் எண்ணெயும் திராட்சை இரசமும் இருந்தன என்பதை எண்ணிப் பார்த்தோமா? புறப்படும்போதே அவன் அவற்றை எடுத்து வைத்திருந்தான். இரக்கம் உள்ளத்தில் பிறந்தது; ஆயினும் காயத்தைக் கட்டியது அவனுடைய மூட்டை. வெறுங்கையோடு வந்திருந்தால் அவனும் பக்கத்தில் அமர்ந்து கண்ணீர் சிந்தியிருக்கலாம், அதற்குமேல் இயன்றிருக்காது.

அந்த வழிப்போக்கனின் பெயரையே நம் நாட்டுச் சட்டமும் ஏற்றுக்கொண்டுள்ளது. 2019ஆம் ஆண்டு திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 134ஏ பிரிவு, விபத்தில் சிக்கியவருக்கு நல்லெண்ணத்தோடு உதவுபவரை வழக்கிலிருந்து காக்கிறது. தம் பெயரைச் சொல்லும்படி அவரை வற்புறுத்தவும் இயலாது. “போலீசுக்கு அலைய நேருமே” என்னும் அச்சம் இனி எவர் கையையும் கட்டிப்போடத் தேவையில்லை.

ஆகவே பெட்டியைக் கட்டும்போது எங்கள் இல்லத்தில் ஒரு முறையைக் கைக்கொள்கிறோம். காரில் செல்வோர் ஐவராயின் ஆறு பேருக்குக் கட்டுகிறோம். ஆறாமவர் யாரென்று தெரியாது. முன்னால் நிற்கும் காரின் முதியவளாய் இருக்கலாம். மழையில் நனைந்தபடி மரம் அறுக்கும் தொழிலாளியாய் இருக்கலாம். அவருக்கென்று ஒரு புட்டித் தண்ணீரும் ஒரு பொட்டலம் ரொட்டியும் முதலிலேயே ஒதுக்கிவிட்டால், கொடுக்கும் வேளையில் நம் பிள்ளைகளின் பங்கு குறையுமோ என்று கை தயங்காது.

கட்டிய பெட்டியை மறந்துவிட்டால் அது வெறும் பாரமே. ஆண்டுக்கு இருமுறை திறந்து பார்க்க நாள் குறித்துக்கொள்வோம். மே மாத இறுதியில், தென்மேற்குப் பருவம் தொடங்குமுன் ஒருமுறை. செப்டம்பர் 8ஆம் நாள் அன்னையின் பிறந்தநாள் விழா முடிந்த வாரத்தில், வடகிழக்குப் பருவத்துக்குமுன் மறுமுறை. காலாவதியான மருந்தை நீக்கி, பழைய ரொட்டியை உண்டு முடித்துப் புதியதை வைத்து, விளக்கை ஏற்றிப் பார்த்து, கம்பளியை வெயிலில் உலர்த்தும் இவ்வேலையைப் பிள்ளைகளிடமே ஒப்படையுங்கள். எந்தப் பொருள் எங்கே இருக்கிறது என்பது அவர்கள் கைக்குத் தெரிந்திருக்க வேண்டும். இருட்டில் அதைத் தேடி எடுப்பவர் தந்தையாகவே இருப்பார் என்பதற்கு உறுதி இல்லை அல்லவா?

நீலமலை அழகியது, அதன் பாதையில் பயணம் செய்வது இன்பமானது. வளைவுக்கு வளைவு மாறும் பச்சையையும், பள்ளத்தில் மிதக்கும் வெண்பனியையும், தொலைவில் புகைவிட்டு ஊர்ந்தேறும் சிறு இரயிலையும் கண்குளிரக் காண வேண்டும். டிக்கியின் ஒரு மூலையில் இருபது கிலோ எடையுள்ள ஒரு பெட்டி கட்டுண்டு கிடக்கிறது என்ற நினைவு அந்த இன்பத்தைக் குறைப்பதில்லை. அடுத்த முறை மலையேறுமுன் உங்கள் இல்லத்திலும் அப்பெட்டி ஆயத்தமாய் இருக்கட்டும். அதில் ஆறாமவரின் பங்கும் இருக்கட்டும்.